வயிறு பார்க்க வந்தவர்கள்

இன்றைக்கு நைலக்ஸ் சேலை வேண்டாம். யாராவது ஒரு பார்வை பார்த்தாலே அது தானாக விலகிக்கொடுத்துவிடுகிறது. கைத்தறி என்றால் கொஞ்சமாவது யோசிக்கும். நைட்டி போட்டால் தொல்லையே இல்லை, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே மதில், எவளும் உள்ளே வர முடியாது. ஆனால் மதினி விடமாட்டாள். பார்க்க வருகிறவர்கள் முன்னால் நைட்டியோடு நிற்பதா என்பாள். என்னைப் பார்க்க வந்தால் சரிதான். இந்த மாதத்தில் என் முகத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? வாசலில் நுழையும்போதே கண் கீழே போய்விடுகிறதே.

பீரோவின் முன்னால் நின்று பாண்டீஸ்வரி இவ்வளவையும் நினைத்தாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. திறந்தால் குமட்டிக்கொண்டு வரும் என்பது ஒரு காரணம். மற்றது பழைய காரணம். அவள் நினைப்பதும் அவள் பேசுவதும் ஒரே வீட்டில் குடியிருந்தாலும் அவ்வளவாக முகம் பார்த்துக்கொண்டதில்லை.

"ஏத்தா பாண்டீசு, கட்டிட்டியா? சின்னமனூர்க்காரக வந்து எம்புட்டு நேரமா உக்காந்திருக்காக."

மூக்கம்மாள்தான். பாண்டீஸ்வரியின் கணவர் கர்ணனுக்கு அக்கா. புருஷன் போய், ஒரே மகளையும் லோயர் கேம்ப்பில் கட்டிக்கொடுத்துவிட்டு, மார்க்கையன்கோட்டையில் அடுத்த தெருவில் தனியாக இருந்தவள். தம்பி பெண்டாட்டிக்குக் கர்ப்பப்பையில் புற்று என்று தெரிந்த அன்று ஒரு பையையும் தன் சொந்தத் தலையணையையும் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் கஞ்சி வைத்தவளும் அவள்தான், வாந்திச் சட்டியைக் கழுவியவளும் அவள்தான்.

"வந்துட்டேன் மதினி" என்று பாண்டீஸ்வரி கைத்தறியில் வெளியே வந்தாள்.

சின்னமனூர்க்காரர்கள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கர்ணனுக்குத் தூரத்து முறையில் சித்திகள். ஆரம்பத்திலிருந்து கதை சொல்லியாக வேண்டும். பார்க்க வந்தவர்களிடம் நடந்ததைச் சுருக்கிச் சொல்வது அவர்களைக் காப்பி கொடுக்காமலே அனுப்புவதற்குச் சமம். நல்லவேளை, சொல்லும் வேலையை மூக்கம்மாள் எடுத்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அவள் எழுந்து பாண்டீஸ்வரியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்பப் பாருங்க. இங்கன, விலாவுக்குக் கீழ. தோலுக்கு அடியில வச்சுத் தைச்சிருக்காக. இதுலருந்து ஒரு குழா உள்ள போகுது. மதுரையில இதுக்குள்ள ஊசியக் குத்தி, சுடப்பண்ணுன மருந்துத் தண்ணி ரெண்டு லிட்டரு. ரெண்டு லிட்டரு வயித்துக்குள்ள நிக்கும்."

கைத்தறி யோசித்தது. பிறகு அதுவும் விலகியது.

"புளியங்கொட்டை கணக்கா இருக்கு" என்றாள் ஒரு சித்தி.

"புளியங்கொட்டை எங்கிட்டு இம்புட்டு இருக்கும்? கோட்டுப் பொத்தான் மாதிரி இருக்கு."

மூன்றாவது சித்தி ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தாள். "செல்லுக்குச் சார்ஜ் போடுற எடம் மாதிரியில்ல இருக்கு" என்றாள். எல்லோரும் அதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார்கள். ஹார்லிக்ஸ் மேசைக்குப் போனது.

நோய் தொடங்கியது மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து மறுபடி உதிரம் பட்டபோது. பாண்டீஸ்வரி முதலில் சொன்னது மூக்கம்மாளிடம். "எனக்கெல்லாம் முடி நரைச்சதோட சரி, ஒனக்கு மட்டும் வயசு திரும்புதாக்கும்" என்று மூக்கம்மாள் சிரித்தாள். மறு மாதமும் வந்தபோது சிரிப்பு நின்றது. தேனியில் காட்டி, மதுரைக்குப் போய், கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதற்குள் நோய் வெளியே வந்துவிட்டிருந்தது.

மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் வேல்விழிக்கு முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். எதையும் மெதுவாகத்தான் சொல்வார்.

"பெருசா இருந்ததை எல்லாம் ஆபரேஷன்ல எடுத்தாச்சும்மா. வயித்தோட உள்சுவர்ல பொடிப்பொடியா இன்னும் ஒட்டியிருக்கு. வழக்கமா நரம்புல மருந்து ஏத்துவோம். இப்ப ஒரு ஆராய்ச்சி நடக்குது. ஒரு மருந்து நரம்புல, ரெண்டு மருந்து நேரா வயித்துக்குள்ள. அந்தப் பொடி மேலேயே மருந்து படணும்னு. இது நல்லா வேலை செய்யும்னு இன்னும் யாரும் நிரூபிக்கலை. உடம்பு எவ்வளவு தாங்குது, எவ்வளவு பலன் இருக்குன்னு பாக்கத்தான் இந்தச் சோதனை."

கர்ணன் நெல்லும் தென்னையும் போட்டிருப்பவர். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்கி எந்த மடையில் எந்த நாள் வரும் என்பதைத் தவிர உலகத்தில் புரிந்துகொள்ள வேறெதுவும் இல்லை என்று நினைப்பவர். அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"அப்ப, வாய்க்கால்ல விட்டா வழியிலேயே பாதிய மண்ணு குடிச்சிரும்னு, வயல்லயே மோட்டார வைக்கிறீக."

டாக்டர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "கிட்டத்தட்ட அப்படித்தான் சார்."

அந்தக் 'கிட்டத்தட்ட' கர்ணன் காதில் விழவில்லை. அன்றிலிருந்து அவரும் இந்தச் சோதனையை நடத்துகிறவர்களில் ஒருவரானார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று டாக்டர் கேட்டார். பாண்டீஸ்வரி வழக்கம்போல் கர்ணன் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் தன் நாற்காலியைச் சற்றே நகர்த்தி நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டார். இப்போது பார்க்க டாக்டரின் முகம் மட்டும்தான் இருந்தது.

"உங்க வயிறு. அதனால உங்களைத்தான் கேக்கணும்."

என் வயிறா, என்று அவளுக்குள் ஏதோ திடுக்கிட்டது. கல்யாணமான வருடம் இது மாமியாருடைய வயிறு, ஏன் இன்னும் நிறையவில்லை என்று மாசாமாசம் விசாரித்தார்கள். பிறகு மகன் சுரேஷ்கண்ணனின் வயிறு. அவன் பிறந்து ஐந்தாவது வருடம் இனிப் பிள்ளை வேண்டாம் என்று கர்ணனும் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸும் மரத்தடியில் நின்று பேசி முடித்தார்கள், அவள் கொஞ்சம் தள்ளி நின்று குடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுக்கும் பிறகு, நோய் வந்து இதைப் பொடிப்பொடியாகப் பங்கு போட்டுக்கொண்ட பிறகு, ஒருவர் வந்து உன் வயிறு என்கிறார். சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"செய்யுங்க" என்றாள்.

"ஒண்ணு மட்டும் நினைவு வச்சுக்கங்க. விலாவுக்குக் கீழ தோலுக்கு அடியில ஒரு பொத்தான் வச்சுத் தைப்போம், மருந்துக்கு அதுதான் வாசல். அங்க சீழ் வச்சுதுன்னா எடுத்துடணும். எடுத்துட்டா வயித்து மருந்து நின்னுடும், சோதனையில இருந்து வெளிய வந்துடுவீங்க. ஆறு தடவையும் முடியற வரைக்கும் அதைப் பத்திரமா வச்சுக்கங்க."

முதல் தடவை மருந்து ஏற்றிய அன்றுதான் புரளும் விஷயம் தெரிந்தது. இரண்டு லிட்டர் உள்ளே போனதும் வயிறு மேடு கட்டி நின்றது. மருந்து எல்லா மூலைக்கும் போய்ச் சேர, கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் புரண்டு படுக்க வேண்டும். வலது பக்கம், மல்லாக்க, இடது பக்கம். ஆராய்ச்சி நர்ஸ் சிம்ரன், உத்தமபாளையத்துப் பெண், அதைச் சொல்லி முடிக்குமுன்பே கர்ணன் செல்போனை எடுத்து அலாரம் வைத்தார். தோட்டத்தில் மும்முனை மின்சாரம் வந்தால் மோட்டாரைப் போடச் சொல்லி அடிக்கும் அதே மணிதான்.

மணி அடிக்கும். கர்ணன் எழுந்திருப்பார். "ம், புரளு."

பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்களுக்கும் அது பழகிவிட்டது. மணி அடித்ததும் வாசலோரக் கட்டில்காரி, "அக்கா, கரண்டு வந்துருச்சு" என்பாள். பாண்டீஸ்வரி புரளுவாள். உள்ளே தண்ணீர் ஒரு கணம் தாமதித்து அவள் பின்னால் வரும். அவளுக்கு அது பிடித்திருந்தது என்பதை யாரிடம் சொல்ல முடியும்? வலி இருந்தது, குளிர் இருந்தது. ஆனால் சமையல் இல்லை, மாடு இல்லை, வேலைக்கு வந்த ஆட்களுக்கு டீ இல்லை. உருளுவது மட்டுமே வேலை என்று ஒரு மதியம் முழுவதும் அவளுக்கு வாய்த்தது அன்றுதான். கர்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று வருடத்தில் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை.

"நீ எடது பக்கம் படுத்தா ஒதட்டக் கோணுற" என்றார்.

"இப்பத்தான் தெரியுதாக்கும்."

"இல்ல, சொன்னேன்" என்று அவர் செல்போனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. எதற்கு என்று தோண்டிப் பார்த்தாள். தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் அதே வெட்கம் வந்துவிட்டதுதான் காரணம் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்த பிறகு புரளத் தேவையில்லை என்று சிம்ரன் சொல்லி அனுப்பியிருந்தாள். கர்ணன் அதை ஏற்கவில்லை. தண்ணீர் விட்ட வயலை அப்படியே விட்டுவிட்டு யாராவது வீட்டுக்குப் போவார்களா? மறுநாள் காலையில் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் முட்டுக் கொடுத்தார். பாண்டீஸ்வரி பகலெல்லாம் மெல்லச் சறுக்கிக் கால்மாட்டில் போய்க் குவிந்தாள். மூக்கம்மாள் அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்துப் போடுவாள். மறுபடியும் சறுக்குவாள்.

சாயங்காலம் சிம்ரன் போனில் விசாரித்தாள். மருந்து ஏற்றிய பிறகு அவள் தினமும் அதே கேள்விகளைக் கேட்பாள்.

"வாந்தி இருக்காம்மா?"

"இல்லத்தா."

"வயித்து வலி?"

"கொஞ்சம். முதுகுதான் ரொம்ப. சறுக்கிச் சறுக்கித் தேஞ்சுபோச்சு."

"எங்கன சறுக்குனீக? கீழ விழுந்துட்டீகளா?"

"கட்டில்லதான். தலமாட்டுல செங்கல் வச்சிருக்காக."

"செங்கல் எதுக்கும்மா?"

கர்ணன் போனை வாங்கிக்கொண்டார். "கடமடைக்குத் தண்ணி பாயணும்ல தாயி. தலமட ஒசந்திருந்தாத்தான் பாயும்."

"ஐயா, கடமடைன்னு எதச் சொல்றீக?"

"அடிவயிறு."

"அது தன்னால போகும் ஐயா. செங்கல எடுத்துருங்க."

"எத்தன எடுக்க?"

"எல்லாத்தையும்."

"ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமே."

"ஐயா, இந்த மருந்து அம்புட்டையும் கண்டுபிடிச்சவகளே செங்கலப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றாள் சிம்ரன். கர்ணன் எடுத்தார். சொல்லாமல் விட்டது அவர்கள் தப்பு என்ற முகத்தோடு எடுத்தார்.

ஊருக்குள் செய்தி அதற்குள் பரவியிருந்தது. கர்ணன் பெண்டாட்டிக்கு வயிற்றில் குழாய் வைத்திருக்கிறார்கள். சுகமில்லாதவர்களைப் பார்க்கப் போகாவிட்டால் மனத்தாங்கல் வரும் ஊர், அதனால் எப்படியும் வருவார்கள். குழாய் இருக்கிறது என்றதும் ஏற்கெனவே வந்து பார்த்தவர்களும் மறுபடி வந்தார்கள். உத்தமபாளையத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். யாரோ ஒரு பெண் தன் மாமியாரை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு, மாமியார் திரும்பியதும் பிள்ளையை மாற்றிக் கொடுத்துவிட்டுத் தானும் வந்து பார்த்தாள்.

உண்மையைச் சொன்னால், தொடக்கத்தில் பாண்டீஸ்வரிக்கு அது பிடிக்காமல் இல்லை. அவள் வகுப்பிலும் நடு வரிசை, கல்யாணப் போட்டோவிலும் யாருடைய தோளுக்கோ பின்னால். இப்போது ஆட்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். வயிற்றைக் காட்டும்போது கூச்சம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. வேறு யாருடைய பொருளையோ எடுத்துக் காட்டுவது போலிருந்தது. முடி கொட்டிய தலைக்குத் துண்டு கட்டி மறைத்தாள், விரல் நுனி மரத்துப்போனதைச் சொல்லாமல் மறைத்தாள், வயிற்றை மட்டும் திறந்துவிட்டாள். ஏன் அப்படி என்று ஒருநாள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். பதில் வருமுன் போடியிலிருந்து ஆள் வந்துவிட்டது.

அப்படி வந்துபோனவர்களில் ஒருத்திதான் கீழத்தெருக் கிழவி. அவள் எல்லோரையும்போல் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சும்மா போகவில்லை. "வெளி இரும்பு ஒடம்புக்குள்ள இருந்தா புண்ணு வைக்கும்" என்று மடியிலிருந்து விரலிமஞ்சள் அரைத்த பொட்டலத்தை எடுத்து, எச்சிலில் குழைத்து, பொத்தானைச் சுற்றி வட்டமாக அப்பினாள். மூக்கம்மாளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. மஞ்சள்தானே. தினம் அதன்மேல் அவளும் ஒரு பூச்சுப் பூசினாள்.

நான்காவது தடவைக்காக மதுரைக்குப் போனபோது டாக்டர் வேல்விழி சேலையை விலக்கியதும் கையை எடுத்துக்கொண்டார்.

"சிம்ரன், இங்க வாங்க. தோல் மஞ்சளா இருக்கு பாருங்க. கண்ணைக் காட்டுங்கம்மா. நாக்கு. ஈரல் ரிப்போர்ட் என்ன சொல்லுது? நாலாவது டோஸை நிறுத்தி வைங்க."

சிம்ரன் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அந்த இடத்தைத் துடைத்தாள். பஞ்சு மஞ்சளானது. டாக்டர் பஞ்சைப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"இது சாம்பார் வாசனையா இருக்கே."

"விரலிமஞ்சள் டாக்டர்" என்றாள் பாண்டீஸ்வரி.

சிம்ரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. டாக்டர் சிரிக்கவில்லை. மஞ்சள் போன இடத்தில் தோல் சிவந்து தடித்திருந்தது.

"யார் யார் இதைத் தொட்டாங்க?"

பாண்டீஸ்வரி வாயைத் திறந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது? உத்தமபாளையத்து வேனிலிருந்தா, சின்னமனூர்ச் சித்திகளிடமிருந்தா?

"வந்தவக" என்றாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். "இதைப் பாருங்க. போன தடவை இங்கெல்லாம் புள்ளி. இப்பப் பாதிக்கு மேல காணோம். மருந்து வேலை செய்யுதும்மா. இந்தச் சிவப்பு இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா சீழ் வச்சிருக்கும், நான் எல்லாத்தையும் எடுத்திருப்பேன். மாத்திரை குடுக்கிறேன், ஒரு வாரம் கழிச்சு வாங்க. இனிமே யாரும் தொடக் கூடாது. ஒருத்தர் கூட."

ஒரு வாரம் கழித்துச் சிவப்பு அடங்கியது, நான்காவது தடவை உள்ளே போனது. ஆனால் அந்த ஒரு வாரத்தில்தான் பாண்டீஸ்வரிக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஊரே பார்த்துவிட்டது, அவள் இன்னும் பார்க்கவில்லை. குனிந்தால் மார்பு மறைக்கிறது, பீரோக் கண்ணாடி கழுத்தோடு முடிந்துவிடுகிறது. அவளுடைய பொத்தானைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் புளியங்கொட்டை, கோட்டுப் பொத்தான், சார்ஜ் போடுற எடம். கர்ணன் முகம் மழிக்கும் சிறு கண்ணாடியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். எதைப் போலவும் இல்லை. தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று, குழந்தை வாயில் எதையோ ஒதுக்கி வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பது போல, உப்பி, பிடிவாதமாக இருந்தது. சுற்றிலும் வயிறு. சுருங்கியும் தழும்பேறியும் இருந்த அதை அவள் இவ்வளவு வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. இந்த இடத்துக்கு வந்து சேரத்தான் நான் இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டேனா என்று இருந்தது. பிழைக்க வேண்டும் என்று அவள் முதல்முறையாகத் தெளிவாக நினைத்தாள். அதுவரை பிழைக்க வைப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தாள்.

வெளியே கதவைத் தட்டினார்கள். "ஏத்தா, மயக்கம் கியக்கம் போட்டுட்டியா?"

"இல்ல மதினி, கால் கழுவுறேன்."

கர்ணன் தன் பங்குக்கு ஓர் ஏற்பாடு செய்தார். உர மூட்டையின் வெள்ளைப் பக்கத்தில் 'வயிறு பார்க்க அனுமதி இல்லை' என்று பெரிதாக எழுதி வெளிக் கதவில் கட்டினார். அதுவரை குழாய் விஷயம் தெரியாமல் இருந்த கொஞ்சநஞ்சப் பேருக்கும் தெரிந்துபோனது. தேங்காய் ஏற்ற வந்த லாரி டிரைவர் இறங்கி வந்து, "என்ன வயிறு அண்ணாச்சி?" என்று கேட்டார். பஸ்ஸில் போனவர்கள் ஜன்னலில் எட்டிப் படித்தார்கள். மூன்றாம் நாள் பாண்டீஸ்வரியே அதை அவிழ்த்து மாட்டுக் கொட்டகையில் போட்டாள்.

மூக்கம்மாள் இதிலெல்லாம் பட்டுக்கொள்ளவில்லை. மஞ்சள் பூசியது தன் கைதான் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். பிறகு தேறினாள். "தொடத்தான் கூடாதுன்னாக. பாக்குறதுக்கு என்ன" என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். அவள் ஆள் கூட்டி வந்த ஒவ்வொரு தடவையும் பாண்டீஸ்வரி தூங்குவதுபோல் கண்ணை மூடியும் கழிவறைக்குள் போயும் தப்பித்தாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. வாந்திச் சட்டியைக் கழுவிய கையிடம் எப்படிச் சொல்வது?

ஐந்தாவது தடவைக்கு முந்தின வாரம் லோயர் கேம்ப்பிலிருந்து சோணையம்மாள் வந்தாள். மூக்கம்மாளின் சம்பந்தி. மகனுக்கு மின் நிலையத்தில் வேலை. மலையிலிருந்து நீர்மின் நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்கள் சோணையம்மாளின் வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால் தெரியும். மூக்கம்மாள் மகளைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் சோணையம்மாள் அவளை வெயிலில் கொண்டுபோய் நிறுத்தி, "பாருங்க சம்மந்தி, எங்க குழாய" என்பாள். மூக்கம்மாள் தலையைப் பின்னால் சாய்த்து "அடேயப்பா" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து இது நடக்கிறது. ஒருமுறை காய்ச்சலோடு போயிருந்தபோதும் நிறுத்திக் காட்டினாளாம். மகள் வாழ்கிற வீடு, அடேயப்பா சொல்லாமல் முடியாது.

சோணையம்மாள் ஒரு முழுப் பலாப்பழத்தோடு வந்து இறங்கினாள். மூக்கம்மாள் காலையிலேயே தலைக்குக் குளித்து, பெட்டியில் இருந்த பட்டுக்கரைச் சேலையைக் கட்டியிருந்தாள். பழத்தை அறுத்துச் சுளையைத் தட்டில் வைத்தாள், காப்பி போட்டாள். இரண்டு பெண்களும் நாற்காலியில், பாண்டீஸ்வரி கட்டிலில்.

"ரொம்ப எளச்சுட்டியேத்தா" என்றாள் சோணையம்மாள். முதல் முறையாக ஒருத்தி முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு மூக்கம்மாள் பக்கம் திரும்பினாள். "வயித்துல ரெண்டு லிட்டரு தண்ணி விடுறாகன்னு எங்க மருமக சொன்னா. நான் நம்பல. வயிறென்ன குடமா?"

"நம்ப வேண்டாம் சம்மந்தி. கண்ணால பாத்துட்டுச் சொல்லுங்க."

"குழாயெல்லாம் நான் பாக்காததா? எங்க வீட்டுக்குப் பின்னாடி நிக்குது மலை ஒசரத்துக்கு."

"ஒங்க குழாயில தண்ணிதான போகுது" என்றாள் மூக்கம்மாள். எவ்வளவு வருடம் ஊறிய வார்த்தை என்று கேட்டாலே தெரிந்தது. "இதுல உசுரு போகுது உள்ள. ஏத்தா பாண்டீசு, லேசா வெலக்கு. சம்மந்தி தொட மாட்டாக, நான் கையப் புடிச்சுக்கிறேன்."

சோணையம்மாள் நம்பிக்கையில்லாத முகத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பாண்டீஸ்வரி மூக்கம்மாளைப் பார்த்தாள். அவள் கண் பளபளத்தது. வெயிலில் தலையைச் சாய்த்து நின்ற அத்தனை மதியமும் அந்த முகத்தில் இருந்தது, அதற்கெல்லாம் இன்று ஒரே ஓர் அடேயப்பா திரும்பி வந்தால் போதும் என்று இருந்தது. இந்த மனுஷிக்கு வாழ்க்கையில் எடுத்துக் காட்ட என்று வேறொன்றும் கிடைக்கவில்லை. தம்பி பெண்டாட்டியின் வயிறுதான் கிடைத்தது. ஒரு நொடிதானே, காட்டிவிட்டால் என்ன என்று கை முந்தானை வரை போனது. யாரும் தொடப் போவதில்லை. சீழ் வைக்கப் போவதில்லை. ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்பதுதான் அவளை நிறுத்தியது. காரணம் இருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்ல மதினி."

மூக்கம்மாளுக்கு முதலில் புரியவில்லை. "என்னத்தா, ஒண்ணுக்கு வருதா?"

"இல்ல. வேண்டாம்."

சோணையம்மாள் ஒரு சுளையை எடுத்து, இருந்தால்தானே காட்டுவதற்கு என்பதுபோல் மெதுவாகக் கொட்டையை நீக்கினாள். மூக்கம்மாளின் காது சிவந்தது. அவள் குரலைத் தாழ்த்தி, கெஞ்சுவதும் கோபப்படுவதும் ஒன்றாகக் கலந்து, தப்பிக்க ஒரு வழியையும் சேர்த்தே கொடுத்தாள்.

"டாக்டரு பாக்கவும் கூடாதுன்னுட்டாகளாக்கும்? அப்படின்னாச் சொல்லு, சம்மந்தி ஒண்ணும் நெனைக்க மாட்டாக."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூக்கம்மாளின் மானம் நிற்கும், பழி மதுரைக்குப் போய்விடும், டாக்டர் வேல்விழிக்குத் தெரியவும் போவதில்லை. பாண்டீஸ்வரி அந்த வார்த்தையை வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். பிறகு மூக்கம்மாளின் முழங்காலில் கையை வைத்தாள்.

"டாக்டரு அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லல மதினி. எனக்குத்தான் வேண்டாம்" என்றாள், தனக்கும் மூக்கம்மாளுக்கும் கேட்கும் அளவுக்கு மட்டும்.